இந்தியா வெளிநாடு இல்லையாம்

போன வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்டியில் என் தங்கை ராணியின் வீட்டில் ஒரு மாநாடு நடந்தது. தங்கை மகள் யாமினி மேற்படிப்புக்கு எந்த நாட்டுக்குப் போவது என்பதுதான் விடயம்.

யாமினி கட்டடக்கலை படித்தவள். பட்டம் வாங்கி, இங்கேயே ஓர் ஆர்க்கிடெக்டிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூடத்தில் கட்டடம் பற்றி ஏதாவது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆகவே அவளைத் தவிர எல்லோரும் பேசினார்கள்.

நடுக் கதிரையில் டை கட்டிய ஓர் இளைஞர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஏஜன்ட். கார்டில் மட்டும் 'கல்வி ஆலோசகர்'. மடியில் லெப்டொப், கையில் ராணி சுட்ட வடை. மேசையில் சாத்தி வைத்த போனுக்குள், லண்டனிலிருந்து என் கடைசித் தங்கை வசந்தி.

"இங்க மேல் ரூம் சும்மாதாண்ணே கெடக்கு. வாசல்ல பஸ் ஏறினா கெம்பஸ்ல எறங்கலாம். வேற என்ன வேணும்?" என்றாள் வசந்தி.

வேறு என்ன வேண்டும்? ஒரு பெண் என்ன படிப்பாள், யாரிடம் படிப்பாள் என்பதையெல்லாம் வசந்தி வீட்டு மேல் அறை தீர்மானித்துவிட்டது. நல்லவேளை, வசந்தி செவ்வாய்க் கிரகத்தில் வாழ்க்கைப்படவில்லை.

ஏஜன்ட் லெப்டொப்பைத் திருப்பிக் காட்டினார்.

"இந்த லண்டன் கெம்பஸ் ரேங்கிங்ல ரொம்ப மேல சேர். ஒரே வருஷத்துல மாஸ்டர்ஸ் முடிஞ்சிரும். அப்புறம் அங்கயே வேலை தேடிக்கலாம்."

யாமினி முதல் முறையாக வாய் திறந்தாள். "இத முடிச்சிட்டு வந்தா இங்க ஆர்க்கிடெக்டா பதிவு செய்ய முடியுமா?"

"அதெல்லாம் போன பிறகு பாத்துக்கலாம் மிஸ்."

"ஸ்டூடியோவுல யார் படிப்பிக்கிறாங்க?"

"பெரிய பெரிய ப்ரொபெஸர்மார்."

"பேர் என்ன?"

அவர் வடையைக் கடித்தார்.

"இந்த கோர்ஸோட பேர்ல ஆர்க்கிடெக்சர்ங்கிற சொல்லே இல்லையே. டிசைன் மெனேஜ்மென்ட்னு போட்டிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான் மிஸ். எல்லாம் பில்டிங் சம்பந்தப்பட்டதுதானே."

ஆமாம். பல் டொக்டரும் கண் டொக்டரும்கூட ஒன்றுதான். எல்லாம் முகம் சம்பந்தப்பட்டதுதானே.

எனக்கு ஒரு சந்தேகம். கண்டி டவுனில் கொழும்பு வீதியில் ஒரு சேலை எடுக்க நாலு கடை ஏறி இறங்கி, துணியைக் கசக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ஜனங்கள்தானே நாம்? பிள்ளையின் படிப்பை மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம்? விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் கோபுரமும் புல்தரையும் மூன்று நிறத்தில் சிரிக்கும் மாணவர்களும் இருந்தால் போதுமா?

யாமினி கசக்கிப் பார்த்திருந்தாள். இடம் கிடைத்த ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இப்போது படிக்கிற பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பேசியிருந்தாள். லண்டன்காரப் பையன், பேராசிரியரை வரவேற்பு விழாவில் பார்த்ததோடு சரி என்றானாம்.

"நான் தெரிவு செஞ்சிட்டேன்," என்றாள். "இந்தியாவுல, இமயமலை அடிவாரத்துல ஒரு இடம். ரெண்டு வருஷம். மலைச்சரிவுல வீடு கட்டுறதத்தான் படிப்பிக்கிறாங்க. ஒரு பருவம் முழுக்க மலைக் கிராமத்துல தங்கி, நாங்களே கல்லும் மண்ணும் சொமந்து ஒரு வீடு கட்டணும். பதிவு விஷயமும் விசாரிச்சிட்டேன். சிக்கல் இல்ல."



"இந்தியாவா..." என்றாள் ராணி, பிள்ளை பரீட்சையில் ஃபெயில் என்று கேட்டவள் போல.

போனுக்குள் வசந்திக்குச் சிரிப்பு. "இந்தியாவுக்கு நாங்க சாமி கும்புடவும் சேலை எடுக்கவும்தானே போறோம். அது எப்படி வெளிநாடாகும்?"

பாஸ்போட் வேண்டும், விசா வேண்டும், விமானம் ஏற வேண்டும், காசு மாற்ற வேண்டும். ஆனாலும் வெளிநாடு இல்லையாம். ஏஜன்ட் லெப்டொப்பை மூடினார். அந்த இடத்துக்கு ஆள் அனுப்பினால் அவருக்குக் கொமிஷன் கிடையாது. கல்வி ஆலோசனையும் அத்தோடு முடிந்தது.

மூலையில் உட்கார்ந்திருந்த யாமினியின் அப்பா செல்வராஜ் எழுந்தார். "எங்க வேணும்னாலும் போ. இந்தியா மட்டும் வேணாம்." சொல்லிவிட்டுப் படியிறங்கி, வீட்டுக்குக் கீழேயே இருக்கும் தன் ஹாட்வெயர் கடைக்குள் போய்விட்டார்.

மச்சானுக்கும் ஊர்ப் பெருமைதான் பெரிது என்று நினைத்தேன். நல்ல சூடான நாலு வார்த்தையைத் தயார் பண்ணிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன்.

ஞாயிறு என்று முன்கதவு சாத்தியிருந்த கடைக்குள் பெயின்ட் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"எனக்கொரு அக்கா இருந்திச்சு மச்சான்," என்றார். "ஒங்களுக்குத் தெரியாது. புஷ்பம்."

இங்கத்திய அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் பேசி, தேயிலைத் தோட்டத்து ஜனங்களில் இங்கே இத்தனை பேர், அங்கே இத்தனை பேர் என்று பங்கு போட்ட காலம் அது. தெல்தோட்டையில் இவர்கள் குடும்பத்துக்கு இங்கே இருக்க அனுமதி. அக்கா கட்டிப்போன குடும்பத்துக்கு இந்தியா.

"கண்டி ஸ்டேஷன்ல ஏத்தி விட்டோம். அக்கா ஜன்னல் வழியா கைய நீட்டிச்சு. நான் சின்னப் பய, எட்டல. நீலகிரி பக்கம் தோட்டத்துல வேலை செய்யிதுன்னு ஒரு தகவல் வந்திச்சு. அப்புறம் அதுவும் இல்ல. அம்மா சாகிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்திச்சு... அந்த நாட்டுக்கு இந்த வீட்டுலருந்து இன்னொரு பொம்பளப் பிள்ளைய அனுப்பச் சொல்றீங்களா?"

தயார் பண்ணிய வார்த்தைகளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

யாமினி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படி ஓர் அத்தை இருந்தது அவளுக்கும் அன்றுதான் தெரியும். வந்து சிமெந்து மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"அத்தைய அனுப்பினாங்கப்பா. போறியான்னு யாரும் கேக்கல. நான் நானா போறேன். திரும்பி வரத்தான் போறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"அந்த ஏஜன்ட் என்ன சொன்னாரு? படிச்சிட்டு லண்டன்லயே இருந்துக்கலாம்னாரு. அதுக்கு மட்டும் ஏம்பா உங்களுக்குப் பயம் வரல?"

வசந்தி லண்டன் போய் எத்தனையோ வருடம். ஒரே ஒரு கல்யாணத்துக்கு வந்து போனாள். அவள் திரும்பாததற்கு நாங்கள் அழவில்லை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

ஒரு கிழமை போனது. பிறகு ஒரு நாள், "நீ வேல செய்யிற எடத்த எனக்குக் காட்டு," என்றார் மச்சான். மூன்று பேருமாக குட்ஷெட் பஸ் நிலையத்தில் புசல்லாவை பஸ் ஏறினோம்.

அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து, தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் காம்பராக்கள் சில போய்விட்டன. மிச்ச லயங்களும் ஆபத்து என்று, அங்கிருந்தவர்களுக்கு வரிசையாகப் புது வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வர்ணமெல்லாம் அழகு. ஆனால் படத்தை வரைந்த மகான் சமதரைக்கு வரைந்துவிட்டார். அடுப்படி, அதாவது குசினிக் கதவு நேரே மலைச்சரிவைப் பார்த்துத் திறக்கிறது. மேலிருந்து வரும் மழைத்தண்ணி கதவைத் தட்டாமலே உள்ளே வருகிறது. அதற்கு என்ன செய்யலாம் என்று பார்க்கத்தான் யாமினியின் அலுவலகம் அவளை அங்கே அனுப்பியிருந்தது.

"வீடு எப்படிங்க?" என்று மச்சான் ஓர் அம்மாவிடம் கேட்டார்.

"வீடு நல்லாத்தான் இருக்குங்க. மழை வந்தா மட்டும் பழைய லயத்துக்கே போயிருவோம்."

எந்த இடத்துக்குப் பயந்து வெளியே வந்தார்களோ, மழையில் அங்கேயே திரும்பிப் போகிறார்கள். மச்சான் அந்தக் குசினியில் வெகுநேரம் நின்றார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். ஈரம்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். கம்பியைப் பிடித்தபடி மகளிடம் கேட்டார். "அங்க ஒனக்குப் படிப்பிக்கப் போறவரு பேர் என்ன?"

யாமினி பெயரைச் சொன்னாள். அவர் கட்டிய வீடுகளைப் போனில் காட்டினாள். பேராதனை வரும்வரை மச்சான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கூரை எதில்? அத்திவாரம் எப்படி? மழைத்தண்ணி எங்கே போகும்?

இப்போது யாமினி போய் ஒரு மாதமாகிறது. இரவில் பேசுகிறாளாம். குளிர்தான் கொஞ்சம் கூடவாம்.

நேற்று கடைக்குப் போயிருந்தேன். பெயின்ட் வாங்க வந்த ஒருவர் மச்சானிடம் பிள்ளையை விசாரித்தார்.

"மேல படிக்கப் போயிருக்கா. இந்தியாவுல."

அந்த மனிதர் முகத்தில் துக்க வீட்டுக் களை. "ஏன், லண்டன் கெடைக்கலையா?"

"கெடைச்சிச்சு," என்றார் மச்சான், டின்னைச் சாக்கில் சுற்றியபடி. "வேணாம்னுட்டா."

இத்தனை வருடப் பழக்கத்தில் அவரிடம் நான் கண்ட முதல் திமிர் அது — நன்றாகவே பொருந்தியது.