ஆடி வெள்ளியில் மாட்டிய ரேம்

ஆடி மாதத்தில் எங்கள் சின்னமனூர் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். கம்பத்தில் அப்படி இல்லை. அங்குள்ள முஸ்லிம் குடும்பங்களில் ஆடியிலும் கல்யாணம் நடக்கும். என் மனைவிக்கு அந்த மாதத்திலும் வேலை இருந்ததற்குக் காரணம் அதுதான்.

அவள் கல்யாண வீடியோக்களை எடிட் செய்பவள். முன்னறையில் ஜன்னலை ஒட்டிய மேசையும் அதன் மேல் இருந்த டெஸ்க்டாப் கம்ப்யூட்டரும்தான் அவளுடைய பட்டறை. கம்பத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பாய், படம் பதிந்த ஹார்ட் டிஸ்கைத் துணிப்பையில் சுற்றி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வருவாள். வெட்டி, கோத்து, பாட்டுச் சேர்த்து அதே துணிப்பையில் திருப்பி அனுப்புவாள். நான் வேலை பார்த்த பத்திரிகை மாவட்டப் பதிப்பை நிறுத்திய பிறகு எங்கள் வீடு அந்தத் துணிப்பையை நம்பித்தான் நடந்தது.

அந்த ஆடி தொடங்கியதும் பாய் போன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது வழக்கம்.

"ஆத்தா, புதுக் கேமரா எறக்கிட்டேன். ஃபைலு ஒவ்வொண்ணும் யானை மாதிரி இருக்கு. ஒம் மிஷினு தாங்குமா?"

"தாங்கும்ணே."

"தாங்கலைன்னா இப்பவே சொல்லிரு. கேரளாவுல, கட்டப்பனையில எடிட் பண்ற ஒரு ஆளு இருக்காரு. எனக்கு ஒன்னை விட்டுட்டுப் போக மனசில்ல. ஆனா மாப்பிள்ளை புதங்கெழமை கொச்சியில பிளைட் ஏறுறாக. அதுக்குள்ள வீடியோவ கையில குடுக்கணும்னு பொண்ணு வீட்ல கண்டிஷனாச் சொல்லிட்டாக."

"குடுத்துரலாம்ணே."

போனை வைத்ததும் என்னிடம் சொன்னாள்: "தாங்காது."

கம்ப்யூட்டரில் இருந்தது பதினாறு ஜிபி ரேம், அதாவது மெமரி. இரண்டு ஸ்லாட்டுகளில் எட்டும் எட்டுமாக. அதை முப்பத்திரண்டாக்கினால் இந்த வேலையும் இதன் பின்னால் வரும் வேலைகளும் கைவிட்டுப் போகாது என்று அவள் கணக்குப் போட்டாள். தேனிக்குப் போய்ப் பதினாறு ஜிபி ரேம் இரண்டு வாங்கி வந்தோம்.

ஆடியில் புதுப்பொருள் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதில் அவள் உறுதியானவள். முந்தைய ஆடியில் மிக்ஸி எரிந்துபோனபோது ஆவணி பிறக்கும்வரை அம்மியில்தான் அரைத்தாள். ஆனால் ஆவணிவரை மாப்பிள்ளை காத்திருக்கப் போவதில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை காலை இரண்டு ரேமையும் பெட்டியிலிருந்து எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பித்தளைத் தட்டில் வைத்து, அம்மன் படத்தின் முன்னால் கொண்டுபோனாள். சந்தனம் குழைத்தாள். மேலே இருந்த ரேமின் பரப்பு முழுவதும் கறுப்புத் தகடு. கறுப்பில் பொட்டு வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கீழ் விளிம்பில் வரிசையாகப் பொன்னிறப் பட்டைகள் இருந்தன. நகைக்கு வைப்பதுபோல அங்கே வைத்தாள். அதன்மேல் குங்குமம். சூடம் காட்டி முடித்ததும் முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"ம், மாட்டலாம். ஸ்குரூவப் பிடிங்க. சும்மா நின்னு செய்தி சேகரிக்காதீக."

மாட்டினோம். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. திரையில் பதினாறு என்றே காட்டியது.

முதலில் கடைக்காரர்மீதுதான் சந்தேகம் வந்தது. போன் செய்தாள். "நீங்க குடுத்ததுல பாதிதான் காட்டுது."

"பாதி குடுக்க இது என்ன தக்காளியாக்கா, எடை கொறைக்க? ரேமு சரியா உக்காந்திருக்காது. எடுத்து, டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தி மாட்டுங்க."

அழுத்தி மாட்டினோம். சத்தம் வந்தது. பதினாறு.

வேகமும் குறைவாக இருந்தது. அட்டைப் பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருந்தது, திரையில் 2133. அதையும் கேட்டாள். மிஷின் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரைக்குள் போய் நாமே வேகத்தை மாற்ற வேண்டும் என்றார். மாற்றினாள். வேகம் ஏறியது. அளவு ஏறவில்லை.

அன்று மதியம் முன்னறையில் சந்தன வாசனை வந்தது. நான் அதைக் கவனித்தேன். ஆடி வெள்ளி, பூசை நடந்த வீடு, வாசனை வரத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமையும் வந்தது. கம்ப்யூட்டர் ஓடும்போது மட்டும் வந்தது.

பதினாறை வைத்தே அவள் வேலையைத் தொடங்கினாள். பெரிய ஃபைல்களுக்குச் சிறிய நகல்கள் எடுத்து, அவற்றை வைத்து வெட்டினாள். ஞாயிறு முழுக்க மேற்கிலிருந்து காற்று மண்ணை வாரி ஜன்னலில் அடித்தது. அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு, மாலை மாற்றும் இடத்தையும் மணமகளின் தகப்பனார் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடத்தையும் தேடித் தேடி எடுத்துக் கோத்தாள். அந்தத் தகப்பனார் முகத்தைத் திருப்பியது ஒரு நொடிதான். அதைக் கண்டுபிடிக்கக்கூடியவள் அவள். பாய் அவளை விடாமல் வைத்திருந்ததும் அதற்காகத்தான்.

வெட்டும் வேலை முடிந்தது. முழு அளவில் ஒரே ஃபைலாக மாற்றும்போது மிஷின் நின்றது. மறுபடி தொடங்கினாள். வேறொரு இடத்தில் நின்றது. துண்டு துண்டாக மாற்றிப் பார்த்தாள். வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். மெமரி போதவில்லை என்று ஒரு சிறிய பெட்டி திரையின் நடுவில் வந்து நின்றது. அவள் அதை மூடினாள். அது மீண்டும் வந்தது.

திங்கள் காலை கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்து, இரண்டாவது ஸ்லாட்டில் இருந்த ரேமைக் கழற்றி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பொன்னிறப் பட்டைகளுக்கு நடுவே மஞ்சளும் சிவப்புமாக ஒரு கோடு காய்ந்திருந்தது. அதன் ஒரு முனை கருகியிருந்தது. அவள் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். நானும் முகர்ந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்து வந்த அதே சந்தன வாசனை.

அழி ரப்பரால் பட்டைகளைத் தேய்த்தாள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஸ்லாட்டைத் துடைத்தாள். அந்த ரேமை முதல் ஸ்லாட்டில் போட்டபோது வேலை செய்தது. மற்றதும் அங்கே வேலை செய்தது. இரண்டாவது ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் மிஷின் அதைக் கண்டுகொள்ளவில்லை. உள்ளே ஒரு கம்பி கறுத்திருந்ததை டார்ச் அடித்துப் பார்த்தோம். ரேம் பிழைத்தது. ஸ்லாட் பிழைக்கவில்லை.

கடைக்காரரிடம் மறுபடி பேசினாள். இம்முறை அவர் கிண்டல் செய்யவில்லை. ஒரே ரேமாக முப்பத்திரண்டு ஜிபி கிடைக்கிறது, ஆனால் ரேம் மாட்டும் இந்தப் பழைய போர்டு அதை எடுக்காது என்றார். இந்த மாதிரி போர்டு இப்போது தேனியில் இல்லை, மதுரையிலும் கிடைப்பது சந்தேகம். புது போர்டு போட்டால் பிராசசரும் மாற்ற வேண்டும்.

"என்னாச்சுக்கா, தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

"தூசி" என்றாள்.

முன்பு எட்டும் எட்டும் இரண்டு வழியில் ஓடின. இப்போது அதே பதினாறு ஒரே வழியில் மெதுவாக ஓடியது. கூட்டப் போய், இருந்ததைவிடக் கீழே வந்து நின்றோம்.

பாய்க்கு அவளே போன் செய்து சொன்னாள். ஹார்ட் டிஸ்கை பஸ்ஸில் அனுப்பச் சொல்வார் என்று நினைத்தோம். அவர் அன்று மதியமே பைக்கில் வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"உள்ள வரல ஆத்தா, இங்கன இருந்தே போறேன். சாயந்தரத்துக்குள்ள கட்டப்பனைக்குப் போகணும். அவரு ராத்திரியோட முடிச்சிருவேன்னு சொல்லிட்டாரு."

"வெட்டுன வேலை எல்லாம் டிஸ்குலயே இருக்குண்ணே. அவரு அப்பிடியே எடுத்துக்கிறலாம். பொண்ணோட அத்தா மொகத்தைத் திருப்புற எடத்தை மட்டும் வெட்டிற வேணாம்னு சொல்லுங்க."

"சொல்றேன். அவரு மலையாளத்துக்காரரு, தமிழ்ல சொன்னா பாதிதான் வெளங்கும். பாதியாச்சும் சொல்றேன்." சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். "மிஷினுக்கு என்னதான் ஆச்சு சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "போர்டு போயிருச்சுண்ணே."

"அடுத்த முகூர்த்தத்துக்குப் பாப்போம்." அவள் நீட்டிய ஹார்ட் டிஸ்கைப் பார்த்து அவர் அதைச் சொன்னார். துணிப்பையை அவளிடமே விட்டுவிட்டு, டிஸ்கை மட்டும் தன் தோள்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். படியிறங்கும்போது மூச்சை இழுத்துவிட்டு நின்றார்.

"வீடு நல்லா மணக்குது ஆத்தா. சந்தனமா?"

"ஆமாண்ணே. ஆடி வெள்ளிக்கு வச்சது."

"நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தாள். நிலைக்கு, பீரோவுக்கு, தையல் மிஷினுக்கு, என் பழைய ஸ்கூட்டருக்கு. கடைசியாகக் கிண்ணத்தோடு கம்ப்யூட்டரின் முன் வந்து நின்றாள். வைக்கமாட்டாள் என்று நினைத்தேன். கேபினட்டின் வெளிப்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தாள். சூடம் காட்டினாள்.

பிறகு பாய் விட்டுப்போன துணிப்பையின் தையலைப் பிரித்து, கம்ப்யூட்டரின்மேல் போர்த்தினாள்.