கல் வைக்காத இடம்

கொச்சங்காடியில் ஒரு பழைய சுக்கு குடோனுக்குப் பின்னால், கேரளத்துக்குப் பிழைக்க வந்த எங்கள் குடும்பத்துக்கு நாலு கல்லறைகள் உண்டு. என் மாமனார், மாமியார், மாமனாரின் அப்பா, அவருடைய தம்பி. நிலம் எந்தக் காலத்திலும் எங்களுடையதாக இருந்ததில்லை. பழைய முதலாளி ஒருவர், தன்னிடம் மூட்டை தூக்கியவர்களைப் பின்பக்கம் புதைத்துக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான். பத்திரம் கிடையாது. ஆடி அமாவாசைக்கும் திதிக்கும் மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்துபோய் விளக்கேற்றிவிட்டு வருவோம். யாரும் எதுவும் கேட்டதில்லை.

குடோன் கைமாறியதும் இரும்பு கேட் வந்தது. கேட்டுக்கு மேல் கேமரா வந்தது. வாங்கியவர் கீழே வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுதியும் மாடியில் தனக்கு வீடுமாகக் கட்டிக்கொண்டிருந்தார். மலையாளிதான், ஆனால் கோயம்புத்தூரில் ரொம்ப காலம் வியாபாரம் செய்தவர் என்பதால் எங்களிடம் தமிழிலேயே பேசுவார்.

"சேச்சி, எப்ப வேணும்னாலும் வாங்க. வர்றதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் மட்டும் பண்ணுங்க" என்று சொல்லி, சாயாவும் வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சாயாவைக் குடிக்கும்போதே எனக்கு மனசு ஒட்டவில்லை. ஆசைப்பட்டு வாங்கிய இடத்தில் யாரோ நாலு பேர் புதைந்து கிடப்பது எவருக்குப் பிடிக்கும்? இவ்வளவு தன்மையாக நடந்துகொள்ள இவருக்கு என்ன அவசியம்?

அதற்குப் பிறகு நாங்கள் போகும்போதெல்லாம் காவல்காரர் கூடவே வந்தார். விளக்கேற்றுகிறபோது ஃபோனில் படம் எடுத்தார். "எதுக்கு சேட்டா?" என்று கேட்டால், "முதலாளி எடுக்கச் சொன்னாரு" என்பதற்கு மேல் பேச மாட்டார். நானும் சும்மா இல்லை. கல் நகர்ந்திருக்கிறதா, புதுமண் கொட்டியிருக்கிறதா என்று கும்பிடுகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் முதலாளியே அளக்கும் டேப்போடு பின்பக்கம் வந்தார்.

"மொத்தம் எத்தனைன்னு சொல்லிடுங்க. சுத்திச் சுவர் எழுப்பி, சந்துப் பக்கமா தனி வாசல் வெச்சுத் தர்றேன். யார்கிட்டயும் கேக்காம வந்து போகலாம்."

"நாலு" என்றார் என் கணவர்.

நான் வாயைத் திறந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

அங்கே ஐந்தாவதாக ஒன்று உண்டு. ஏழாம் மாதத்திலேயே பிறந்து, அழாமலே போய்விட்ட என் மூத்த மகள். பச்சைக் குழந்தைக்குக் கல் வைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாமனாரும் கணவரும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள். உடம்பு தேறியபின் அவர் என்னைக் கூட்டிப்போய், மாமியாரின் கல்லுக்கும் அரளிச் செடிக்கும் நடுவே கையைக் காட்டினார். புல் முளைத்திருந்தது. அந்தப் புல்தான் எனக்கு அவள்.

"ஏன் என்னைப் பேச விடல?" என்று திரும்பும்போது கேட்டேன்.

"கல்லே இல்லாத எடத்தக் காட்டினா, நெலத்தப் புடிக்க வந்திருக்கோம்னு நெனப்பாரு. அப்புறம் இருக்கிற நாலும் போயிடும்."

அடுத்த தடவை முதலாளிக்கு ஃபோன் செய்தபோது, "இப்ப வேண்டாம் சேச்சி, வேலை நடக்குது" என்றார். அதன்பின் எடுக்கவே இல்லை.

நான் இஸ்திரி போட்டுக் கொடுக்கிற வீடு ஒன்று குடோன் மதிலை ஒட்டி இருக்கிறது. துணி கொடுக்கப் போனபோது, அவர்களிடம் கேட்டுக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தேன். நாலு கல்லறையையும் நீலத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். சுற்றிலும் சுவருக்கு அஸ்திவாரக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். மாமியாரின் கல்லை ஒட்டியே கயிறு கட்டியிருந்தது. அரளி, அந்தப் புல்லோடு, கயிற்றுக்கு வெளியே நின்றது. அதன் பக்கத்தில் முற்றத்துக்குப் பாவுகிற தரைக்கற்கள் அடுக்கிக் கிடந்தன.

எப்படி இறங்கினேன், எப்படி அந்த கேட்டைத் தாண்டினேன் என்று தெரியாது. கணவரை ஃபோனில் கூப்பிட்டுவிட்டு, மண் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் போய் நின்றேன். முதலாளி வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நாலுன்னு சொன்னது நீங்கதானே?" என்றார். "இப்ப அஞ்சு. சுவர் எழும்பினா ஆறாகும். எனக்குப் புரியாமயில்ல."

"என்ன புரிஞ்சுது சாரே?"

"எடத்தக் கொஞ்சங்கொஞ்சமா உங்க பக்கம் இழுக்கறீங்க."

"என் புள்ள கெடக்கற எடம் அது."

"சரி, தோண்டிப் பாத்துடலாம். ஏதாவது இருந்தா சுவர மாத்திக்கறேன்."

புல்மேல் உட்கார்ந்துவிட்டேன். மண்வெட்டிக்காரர் முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டார்.

கலூரில் ஓட்டல் சமையலில் இருந்த என் கணவர், இடுப்பில் கட்டிய துண்டோடு அப்படியே வந்து சேர்ந்தார். முதலாளி அவரிடம் திரும்பினார்.

"உள்ளதச் சொல்லுங்க. எங்க வெச்சீங்க?"

அவர் அரளியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். "நல்ல மழை சாரே. அப்பாதான் குழி வெட்டினாரு. நான் கொடை புடிச்சிட்டிருந்தேன். அரளிக்கு இந்தப் பக்கம்... இங்கதான்."

அவர் காட்டியது நான் உட்கார்ந்திருந்த இடம் இல்லை. கொஞ்சம் தள்ளி, அரளியின் வேரோரம்.

அன்றைக்கு என் மனசு ஆறட்டும் என்று ஏதோ ஓர் இடத்தைக் காட்டிவிட்டாரா? இத்தனை வருஷம் நான் தொட்டுக் கும்பிட்டது யாரை? ஆனால் அந்த மனிதர் முன்னால் அதைக் கேட்க முடியுமா?

"ஆமா, அங்கதான்" என்று எழுந்து நின்றேன்.

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்டுகொண்டார் என்றே நினைக்கிறேன். மேஸ்திரியைக் கூப்பிட்டு, "அரளி உள்ள வர்ற மாதிரி வளைச்சுக் கட்டு" என்றார்.

"நம்பறீங்களா சாரே?" என்று கேட்டார் என் கணவர்.

"இல்ல. ஆனா தோண்டி, ஒருவேளை இருந்துட்டா? அப்புறம் இந்த வீட்ல நான் எப்படித் தூங்கறது?"

சுவர் அந்த இடத்தில் மட்டும் வயிறு தள்ளினாற்போல் வளைந்து எழும்பியது. சொன்னபடியே சந்துப் பக்கம் வாசல் வைத்து, சாவியை எங்களிடம் கொடுத்தார். வாசலுக்கு மேலேயும் ஒரு கேமரா மாட்டினார்.

அந்த ஆடி அமாவாசைக்கு நாங்களே பூட்டைத் திறந்து போனோம். நாலு கல்லுக்கும் விளக்கேற்றினபின் கணவரிடம் மெதுவாகக் கேட்டேன்: "எங்கங்க?"

"அதான் அன்னிக்கே காட்டினேனே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. கையிலிருந்த பூவை உதிர்த்து, மாமியாரின் கல்லிலிருந்து சுவர்வரை ஓர் இடம் விடாமல் தூவினேன்.