பந்தயக் கடிகாரமும் பேரகராதியும்

எண்பதுகளின் நடுவில், மாட்டுங்காவில் நான் தமிழாசிரியனாக இருந்த காலத்தில், என் மணிக்கட்டில் ஒரு பந்தயக் கடிகாரம் இருந்தது. கப்பலில் பணியாற்றிய என் மைத்துனர், கைக்குப் பாரமாக இருக்கிறதென்று கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனது. மோட்டார் வண்டிகளின் வேகத்தை அளப்பதற்கென்றே செய்யப்பட்டது. பெரிய வட்டத்துக்குள் மூன்று சிறு வட்டங்கள், பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள். நானோ லோக்கல் ரயிலைக்கூட ஓடிப் பிடித்தவனல்லன். அடுத்த வண்டிக்குக் காத்திருப்பவன்.

பாட்டுப் பாடும் மின்னணுக் கடிகாரங்களுக்கே அப்போது மதிப்பு. எங்கள் உடற்பயிற்சி ஆசிரியரின் கடிகாரம் மணிக்கொரு முறை குருவிபோல் கூவும். அவர் என் கையைத் திருப்பிப் பார்த்து, "ஐயா, இது வாட்சா, இல்ல பி.பி. பாக்குற மெஷின்ல இருந்து கழட்டினதா?" என்பார்.

எனினும் அதற்கு நான் ஒரு வேலை கொடுத்திருந்தேன். எங்கள் தமிழ் மன்றக் கூட்டங்களில் பேச்சாளருக்குப் பத்து நிமிடம் வரையறை. அவர் அவையை வணங்கியதும் மேல் பொத்தானை அழுத்துவேன். பத்தாம் நிமிடம் மணியடிப்பேன். பந்தய வண்டிகளுக்காகப் பிறந்த கருவி, நிற்கத் தெரியாத நாவன்மையை அளந்துகொண்டிருந்தது.

ஒரு கூட்டத்தில் செம்பூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பேசினார். பேச்சின் நடுவே அவர் பார்வை என் மணிக்கட்டில் நிலைத்தது. ஆறாம் நிமிடத்திலேயே நன்றி கூறி அமர்ந்துவிட்டார். மன்ற வரலாற்றில் அதுவே முதல்முறை. என் கண்டிப்புக்குக் கிடைத்த வெற்றியென மகிழ்ந்தேன். கூட்டம் கலைந்ததும் அவர் அருகே வந்தார்.

"சார், அந்த வாட்சைக் கொஞ்சம் கழட்டிக் காட்டுவேளா?"

பழைய கடிகாரங்களைச் சேர்ப்பவர் அவர். அவற்றுள்ளும் யாரும் சீந்தாத பந்தயக் கடிகாரங்களே அவருக்கு உயிர். தங்கக் கடிகாரத்தை எவனும் பேணுவான், இவற்றைத் தூக்கி எறிந்துவிடுவார்கள், ஆகவே எஞ்சியவை அரியவை என்று விளக்கினார். என்னுடையதற்கு ஈடாக, தம் தந்தையார் விட்டுச்சென்ற தமிழ்ப் பேரகராதியின் எல்லாத் தொகுதிகளையும் தருவதாகச் சொன்னார்.

அந்த அகராதிக்காகப் பழைய புத்தகக் கடைகளில் ஆண்டுக்கணக்கில் தூசி தின்றவன் நான். ஒரு தொகுதிகூட அகப்பட்டதில்லை.

"அதுல ரெண்டு வால்யூம் அலமாரிக்கு முட்டுக் குடுத்திருக்கு. அதையும் உருவித் தந்துடறேன். ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு வாங்கோ. வாட்சை ஒண்ணும் பண்ண வேண்டாம், அப்படியே குடுத்தாப் போறும்."

இல்லத்துக்கு அழைக்கும்போது நம்மவர்கள் 'ஒன்றும் வாங்கி வராதீர்கள்' என்பார்கள். அதை நம்பி வெறுங்கையோடு போனவரை நான் கண்டதில்லை. அந்த 'அப்படியே'யையும் இத்தகைய முகமனாகவே கொண்டேன். அன்றுதான் கடிகாரத்தை உற்று நோக்கினேன்; நாணமாக இருந்தது. கறுப்பாக இருந்திருக்க வேண்டிய முகப்பு வெயில்பட்டு, ஆறிப்போன தேநீரின் நிறத்துக்கு வந்திருந்தது. விளிம்பெல்லாம் கீறல். பேரகராதிக்கு ஈடாக இதையா நீட்டுவது?

தாராவியில் கடிகாரம் பழுதுபார்க்கும் பாய் ஒருவர் இருந்தார், தென்காசிப் பக்கத்தவர். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"வாத்தியாரய்யா, ஏன் இப்படிப் போட்டு வச்சிருக்கீய? டயலு நாறிப் போய்க் கெடக்கே."

"முகப்பைப் புதியதுபோல் ஆக்க இயலுமா?"

"முகப்பா? சரி, முகப்புன்னே வச்சுக்கிடுவோம். நான் பண்ணுதேன் பாருங்க. செஞ்ச கம்பெனிக்காரனே வந்தாலும் திகைச்சுப் போயிருவான். ஏக்தம் நயா! புத்தம் புதுசு!"

ஐந்து நாள் உழைத்தார். முகப்பைச் சுரண்டிக் கருவண்ணம் பூசி, மயிரிழைத் தூரிகையால் எண்களை ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். விளிம்பில் என் முகமே தெரிந்தது. கொடுக்கும்போது, "அவரு பாத்துட்டு என்ன சொன்னாருன்னு எங்கிட்ட வந்து சொல்லணும், என்ன?" என்றார்.

ஞாயிறன்று பட்டுத்துணியில் பொதிந்து செம்பூருக்கு எடுத்துச் சென்றேன். மேசைமேல் தொகுதிகள் அடுக்கப்பட்டிருந்தன; அலமாரியின் கீழ் இப்போது செங்கல். பெரியவர் பொதியைப் பிரித்தார். நெடுநேரம் பேச்சில்லை. கண்கள் கலங்கின. உவகைப் பெருக்கென்று கருதி, நான் அடக்கத்தோடு தலைகுனிந்தேன்.

"என்ன சார் பண்ணி வெச்சிருக்கேள்?" அவர் குரல் உடைந்தது. "அந்தக் காப்பிக் கலருக்காகத்தானே கேட்டேன்! இருபது வருஷத்து வெயில் சார் அது. எந்தக் கொம்பனாலயும் பூச முடியாது. அப்படியே குடுங்கோன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"தாங்கள் மரியாதைக்குச் சொல்வதாக..."

"மரியாதையா? கொலை சார் இது!"

காப்பியோடு வந்த அவர் மனைவியார், "அழுக்கைத் தொடைச்சுக் கொண்டுவந்தாக் கோச்சுக்கறது இந்த ஆத்துல மட்டுந்தான் நடக்கும்," என்றார்.

பெரியவர் தொகுதிகளை மீண்டும் அலமாரிக்கு எடுத்துச் செல்ல முற்பட்டார். என் கை நாணமின்றி முதல் தொகுதியின்மேல் கிடந்தது. கடிகாரம் வேண்டாமெனில் போகட்டும், அகராதியை இங்கேயே அமர்ந்து பார்த்துக்கொள்ள இசைவாரா என்று கேட்டேன். அவர் என் கையையும் அகராதியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமைல வந்து பாத்துக்கோங்கோ. ஆனா அந்த வாட்சைக் கட்டிண்டு இந்தப் படியேறப்படாது."

மறுநாள் பாய் கடை வாசலிலேயே என்னை மறித்தார். "பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். நெடுநேரம் பேச்சே எழவில்லை," என்றேன். ஒரு சொல்லும் பொய்யன்று.

"சொன்னேம்லா!" என்று அவர் பக்கத்துக் கடைக்காரருக்கும் கேட்கும்படி கூவினார்.

அதன்பின் ஞாயிறுதோறும் வெறுங்கையனாகச் செம்பூர் சென்றேன். அலமாரியில் ஏறக்குறைய நாற்பது கடிகாரங்கள். பழுதுபார்ப்பவர் கைபடக் கூடாதென்பதால் ஒன்றும் ஓடாது. நான் ஒரு சொல்லின் வேரைத் தேடிக்கொண்டிருப்பேன். அவர் விளக்கடியில் ஒரு கறையைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருப்பார். மணி என்னவென்று இருவருக்கும் தெரியாது. பாத்திரக் கடையில் இலவசமாகக் கொடுத்த சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, சமையலறையிலிருந்து அவர் மனைவியார்தான் குரல் கொடுப்பார்: "மணி ஏழாகப் போறது. சாருக்கு வண்டி போயிடப் போறது!"

அடுத்த வண்டி இருக்கிறதென்று நான் இன்னும் ஒரு பக்கம் புரட்டுவேன்.