முன்கம்பியில் ஒரு புதுக் கோட்டு

மேட்டு பங்களாவுக்கு எதிரே இஸ்திரிக் கடை வைத்திருந்தவருக்குத் தெருவில் 'மந்திரிசபை' என்று பட்டப்பெயர். அந்தப் பங்களா பக்கத்து நாட்டின் தூதரகம். பக்கத்து நாடு பெரிய நாடு. இங்கே யார் தும்மலாம், யார் இருமலாம் என்பதைக்கூட அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள் என்று ஊரே முணுமுணுக்கும். ஆதாரம் கேட்டால் ஒருவரிடமும் இருக்காது. இவரிடம் இருந்தது. ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். பங்களாவில் விருந்து என்றால், வரும் அரசியல்வாதிகளின் காரில் கசங்கிய கோட்டுகளை டிரைவர்கள் இவரிடம்தான் கொண்டுவருவார்கள். தேய்த்ததை வாசலை ஒட்டிய முன்கம்பியில் மாட்டுவார். அந்தக் கோட்டுக்காரர் கொஞ்ச நாளில் மந்திரியாகிவிடுவார். டீக்கடைக்காரர் கிளாஸும் கையுமாக வந்து, "இது யாருது, நிதியா, கல்வியா?" என்று இலாகா பிரித்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

உள்ளே அப்படி என்னதான் பேசுகிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் இவருக்கு மண்டை காய்ந்தது. மிரட்டுவார்களா, ஆசை காட்டுவார்களா, இல்லை சிரித்துச் சிரித்தே காரியத்தை முடித்துவிடுவார்களா? கோட்டுப் பைகளைத் தடவினால் பல்குச்சிதான் கிடைக்கும். டிரைவர்களோ வாயே திறக்க மாட்டார்கள்.

ஒருவனுடைய கோட்டு மட்டும் அந்தக் கம்பிக்கு வராது என்று அவர் அடித்துச் சொல்வார். அவருடைய தம்பி. துறைமுகத்தில் மூட்டை தூக்கிச் சங்கத் தலைவரானவன். துறைமுகத்தைப் பக்கத்து நாட்டுக் கம்பெனிக்குத் தாரை வார்க்காதே என்று பங்களா வாசலில் தொண்டை கிழியக் கத்தி, மண்டை உடைபட்டவன். அன்று ரத்தம் ஊறிய சட்டையை அண்ணன்தான் துவைத்தார். கறை போகவில்லை. போகாததில் அவருக்கு ஒரு பெருமை. சட்டையை மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். அந்தத் தம்பி போன நாடாளுமன்றத் தேர்தலில் ஜெயித்தும் விட்டான்.

ஒருநாள் மதியம் அவனே கடைக்கு வந்தான்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் தேய்ச்சு வை. சாயங்காலம் வேணும்."

புதுக் கோட்டு. விலைச்சீட்டுகூட அறுபடவில்லை.

"எங்கடா போற?"

எதிரே இருந்த பங்களாவைப் பார்க்காமல் இருக்கத் தம்பி படாத பாடு பட்டான். "சும்மா ஒரு சாப்பாடு. என்ன சொல்றாங்கன்னு போய்க் கேட்டாத்தானே தெரியும்?"

அது அண்ணனுடைய கேள்விதான். உள்ளே போய்வந்து ஒன்றுவிடாமல் சொல்ல, கடைசியில் சொந்தத் தம்பியே கிடைத்துவிட்டான். கேட்டுவிட்டு வருவதில் என்ன தப்பு என்றுகூட ஒரு கணம் தோன்றியது. எல்லாத்தையும் வந்து சொல்லுடா என்று கேட்க வாயெடுத்தார்.

படி இறங்கிய தம்பி திரும்பி நின்றான். "முன்னாடி மாட்டாதண்ணே. உள்ள எங்கயாவது வை."

வெறுமனே கேட்கப் போகிறவன் எதற்கு ஒளிக்க வேண்டும்?

தேய்ப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை. விலைச்சீட்டைக் கத்தரித்தார், காலரை நீவிவிட்டார், கொண்டுபோய் முன்கம்பியில் மாட்டினார்.

டீக்கடைக்காரர் வந்து பார்த்தார். "புத்தம்புதுசா இருக்கே. யாருது, துறைமுகமா?"

"ஆமா. என் தம்பியோடது."