தெபு இலையும் தேர் நாளும்

எங்கள் வீட்டில் இரத்தப் பரிசோதனைக்கும் ஆயத்தம் செய்துவிட்டுத்தான் போவார்கள். போவது என் கணவர். வெள்ளவத்தையில் குடியேறிய யாழ்ப்பாணக் குடும்பத்தில் வளர்ந்தவருக்குச் சோதனை என்றால் பாஸாக வேண்டும், அது எந்தச் சோதனையானாலும். "சுகர் போடர்லைனில நிக்குது" என்று டொக்டர் சொன்ன அன்றே ஆயத்தம் தொடங்கிவிட்டது.

அவருடைய பயத்தை நான் குறை சொல்லவில்லை. சீனி வருத்தத்தில் அவருடைய தகப்பனுக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதன்பிறகு எங்கள் வாசலில் மாமாவின் செருப்பு ஒற்றையாகத்தான் கிடக்கும். "எனக்கு அப்பிடி வரக்கூடாது. வெள்ளம் வர முதல் அணை கட்டோணும்" என்பார் இவர்.

அணை என்று அவர் நம்பியது தெபு இலையை. சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிற சிங்களப் பெண், சீனிக்கு இதுதான் மருந்து என்று சொல்லியிருந்தாள். மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துச் சம்பல் போடுவேன். அதற்குமேல் ஒரு கிளாஸ் பாவற்காய்ச் சாறு. இலையில் குற்றமில்லை. அளவாகச் சாப்பிட்டு, சோற்றையும் குறைத்திருந்தால் ஏதோ உதவியிருக்கும். இவரோ பரிசோதனைக்கு முந்திய சில நாட்கள் மட்டும் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு ஆடு மாதிரி இலை தின்பார். ரிப்போர்ட் நல்லதாக வரும். அதைப் பிரிஜ் கதவில் ஒட்டுவார். அன்று பின்னேரமே பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டியும் கேட்பார்.

"தெபு உள்ளுக்கை வேலை செய்துகொண்டிருக்கும். பயப்பிடாதையும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் பிரிஜைத் திறக்கும்போதெல்லாம் அந்த ரிப்போர்ட் என் வாயை அடைத்துவிடும். மூன்று மாதச் சீனியைக் காட்டுகிற பரிசோதனை ஒன்றும் செய்யும்படி டொக்டர் சொன்னார். "இதில பாஸெண்டால் அது என்னத்துக்கு?" என்று இவர் போகவே இல்லை. இப்படியே வருஷங்கள் போயின.

ஒருநாள் காலை மரைன் டிரைவில் நடந்துவிட்டு ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்து நின்றார். மற்றது எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வாசலில் அவர் கழற்றிவிட்ட ஒற்றைச் செருப்பைப் பார்த்தேன். மாமாவினது கிடந்த அதே இடம்.

அதற்குப் பிறகுதான் தேர் வந்தது. காலி வீதியில் தார் இளகுகிற வெயில். கடைக்காரர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். வெறுங்காலோடு வடம் பிடித்தவர்கள் எல்லோரும் ஈரம் பார்த்துத் துள்ளித் துள்ளிக் கால் வைத்தார்கள். இவர் மட்டும் காய்ந்த தாரில், வீட்டுக்குள் நடப்பதுபோல் நிதானமாக நடந்தார்.

"உங்கட அவருக்கு முருகன்ர அருள் இருக்கு" என்றார் பக்கத்து பிளாட் அக்கா. நானும் கைகூப்பினேன்.

வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்து, காலை ஸ்டூலில் தூக்கிப் போட்டார். இரண்டு உள்ளங்கால்களும் கொப்பளித்திருந்தன. ஒரு கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது.

"ஐயோ, இது சுடேல்லையே உங்களுக்கு?"

"இல்லையே. முருகன் பாத்துக்கொண்டான்" என்றார் சந்தோஷமாக.

பிரிஜைத் திறந்தேன். கதவில் புது ரிப்போர்ட் ஆடியது. குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து எடுத்து வந்தேன்.

"வைக்கப் போறன். எரிஞ்சால் சொல்லுங்கோ."

கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டார். நான் துணியைப் புண்ணில் வைத்தேன். அவர் முகம் மாறவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். தண்ணீர் குதிக்காலால் வழிந்து தரையில் சொட்டியது.

கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"எப்ப வைக்கப் போறீர்?"