கடல் தாண்டக் கூடாத ஒரு வருடம்

எங்கள் மலையில் இருக்கும் பிரிஞ்சாங் ஊர் மருந்துக் கடையில் முழங்கால் உறை வாங்கிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். கடைக்காரர் இரண்டு அளவுகளை எடுத்து மேசையில் வைத்து, எது வேண்டும் என்று கேட்ட நேரத்தில் கைத்தொலைபேசி அடித்தது. அஞ்சலை அக்காவின் தம்பி செல்வம்.

"டீச்சர், அக்கா தவறிட்டாங்க. விடியகாலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகக் கெரெத்தாவ வெளிய எடுக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

நான் பெரிய அளவு உறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வரும் ஜூன் மாதம் நானும் அக்காவும் நார்வே நாட்டுக்குக் கப்பலில் போவதாக இருந்தது. படிகளில் ஏறி இறங்க அந்த உறை உதவும் என்று சொன்னவரே அவர்தான். "முட்டியச் சாக்கு சொல்லி இந்த வாட்டித் தப்பிக்க முடியாது டீச்சர்" என்று போன வாரம்தான் மிரட்டியிருந்தார்.

அஞ்சலை அக்காவைத் தெரியாதவர்கள் இந்த மலையில் குறைவு. இருந்தாலும் வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவர். பதினேழு வயதில் கொழுந்து பறிக்கப் போனார். பிறகு தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதிக்கு மாறினார். சுற்றிப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பேசியே ஆங்கிலம் பழகிக்கொண்டதைக் கவனித்த துரை, வருகையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலையை அவரிடம் கொடுத்தார். அன்று தொடங்கி ஓய்வு பெறும்வரை, இலையை வாட்டுவது, உருட்டுவது, புளிக்க வைப்பது, உலர்த்துவது என்று ஒரே கதையை ஒரு நாளைக்குப் பத்து முறை சொன்னார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு இருந்தார்.

நான் தெலுக் இந்தானிலிருந்து மாற்றலாகித் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு வந்த முதல் ஆண்டில், மாணவர்களைத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போயிருந்தேன். அக்கா எங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பேருந்து வந்து நின்றது. கிள்ளான் துறைமுகத்தில் நின்ற உல்லாசக் கப்பலிலிருந்து வந்தவர்கள். வர நான்கு மணி நேரம், திரும்பிப் போக நான்கு மணி நேரம். பார்ப்பதற்கு மிச்சம் இருந்தது முப்பது நிமிடம். அதில் பாதி கழிப்பறை வரிசையிலேயே போய்விட்டது.

மலைப்பாதை வளைவுகளில் வாந்தியெடுத்துத் துவண்டுபோயிருந்த ஓர் அம்மையார், இலை பறிக்கிறவர்கள் எங்கே என்று கேட்டார். பறிப்பவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம். மலை காலியாகக் கிடந்தது. அக்கா ஒரு நொடி யோசித்தார். மூலையில் இருந்த கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, சீருடையோடு விறுவிறுவென்று ஏறிப்போய் முதல் வரிசையில் நின்று கொழுந்து பறித்துக் காட்டினார். அந்த அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. கொடுப்பதற்கு வேறு எதுவும் இல்லாமல், கைப்பையிலிருந்த கப்பல் பயணக் கையேட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினார்.

அக்கா அதைப் புரட்டிப் பார்த்தார். தேயிலை மலைச் சுற்றுலா என்று அழகான படத்தோடு ஒரே ஒரு வரி.

"பாத்தீங்களா டீச்சர், எவ்வளவு தூரம்னு போடவே இல்ல. அந்தம்மா பாவம்லா. ஏமாத்திட்டானுங்க."

அங்கே ஆரம்பித்ததுதான். அதற்குப் பிறகு வருகிறவர்களிடமெல்லாம் எந்தக் கப்பல், எந்தக் கம்பெனி, எங்கெங்கே நின்றீர்கள் என்று விசாரிப்பார். கையேடுகளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார். பிரிஞ்சாங்கில் பயண முகவராக இருக்கும் கோமதி, புதிதாக எது வந்தாலும் அவருக்கு ஒன்று எடுத்து வைப்பாள். கடலையே கிட்டத்தில் அதிகம் பார்க்காத ஒரு தோட்டத்துப் பெண், எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று மனப்பாடமாகச் சொல்லுவார்.

கொஞ்சம் கொஞ்சமாக ஊரே அவரிடம் யோசனை கேட்க ஆரம்பித்தது. திரிங்காப்பில் பூ வளர்ப்பவர்கள், கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்கள், பிள்ளைகள் சிங்கப்பூரில் நல்ல வேலையில் இருக்கும் பெற்றோர்கள் என்று பலர். ஐரோப்பாவில் கோடை என்பது ஜூன், ஜூலை, ஆகஸ்டு. அதற்கு ஆறு மாதம் முன்பே அக்காவின் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்துவிடும். கோலா தெர்லா முனியாண்டி ஒருமுறை, சறுக்கு மரமும் நீச்சல் குளமும் உள்ள மிகப் பெரிய கப்பல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"தண்ணில சறுக்கணும்னா ஈப்போவுல இருக்கற தண்ணி விளையாட்டுப் பூங்காவுக்குப் போங்கண்ணே. அதுக்குப் போய் இத்தனை மணி நேரம் ப்ளேன் ஏறுவாங்களா? கப்பலப் பாக்கப் போறீங்களா, ஊரப் பாக்கப் போறீங்களா?"

"ரெண்டையும்தான் பாப்போம்லா."

"அப்பன்னா கரையில எத்தன மணி நேரம் விடறான்னு பாருங்க. இந்தக் கம்பெனிக்காரன் அஞ்சு மணி நேரம். அவன் பத்து மணி நேரம். பெரிய நகரத்துப் பேரப் போட்டிருப்பான், எறங்கினா நகரம் ரெண்டு மணி நேரம் தள்ளி இருக்கும். நம்ம மலைக்கு வர்றவங்க கதிய நான் தினம் பாக்கறேன்."

ஜூலை மாதம் மத்தியதரைக் கடல் பக்கம் போக நினைத்தவர்களையும் விட மாட்டார். "இங்க ஸ்வெட்டர் போட்டு வளந்த ஒடம்புண்ணே. அந்த வெயில்ல சுருண்டுருவீங்க" என்பார். முனியாண்டி கடைசியில் அவர் சொன்ன சிறிய கப்பலில்தான் போனார். திரும்பி வந்து ஒரு கூடை முள்ளங்கியோடு அக்கா வீட்டு வாசலில் நின்றார்.

ஒருநாள் நான் கேட்டேன், ஊரில் உள்ளவர்களையெல்லாம் கப்பல் ஏற்றுகிறீர்களே, உங்களுக்கு ஆசை இல்லையா என்று. அக்கா தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"ஒரு வாரமாவது நான் டூரிஸ்டா இருக்கணும் டீச்சர். வேற யாராவது எனக்கு வெளக்கம் சொல்லணும். நான் தொப்பி போட்டுகிட்டு, கைய ஒசத்தி, மடத்தனமா ஒரு கேள்வி கேக்கணும். அந்தாளு சிரிக்காம பதில் சொல்லணும்."

இருவரும் சேர்ந்து போவதென்று அன்றே முடிவு செய்தோம். அவருக்கு ஓய்வு கிடைத்து, எனக்கும் ஓய்வு கிடைத்தது. ஆனால் பயணம் மட்டும் நகரவில்லை. முதல் ஆண்டு கிரேக்கத் தீவுகள் என்றார், பிறகு வேண்டாம் என்றார். அடுத்த கோடைக்கு அலாஸ்கா என்றார். பனி மலை உடைந்து கடலில் விழும் படத்தை என்னிடம் நூறு முறை காட்டினார். நான் அந்தப் படத்தைப் பார்த்து, சுற்றிலும் இவ்வளவு தண்ணீரா என்று முகம் சுளித்ததோடு சரி. ஒரு மாதம் கழித்து, "அந்த ரூட் எனக்குப் பிடிக்கல டீச்சர்" என்று மூடி வைத்துவிட்டார். அடுத்த ஆண்டு என் மகளின் பிரசவம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. கோயில் திருவிழாச் சாப்பாட்டுப் பந்தியில், நாற்பது பேர் நடுவில், "இந்த அக்கா கப்பல் பொறுக்கி முடிக்கிறதுக்குள்ள கடலே வத்திரும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கடைசியில் நார்வே என்று முடிவானது. கப்பல் கரையை ஒட்டி, மலைகளுக்கு நடுவே போகும் வழி. எங்களிருவர் பெயரையும் கோமதியிடம் கொடுத்தாயிற்று. குளிருக்குப் புதுச் சட்டை வாங்க வேண்டியதில்லை, நம்மிடம் இருப்பதே போதும் என்று அக்கா பெருமைப்பட்டுக்கொண்டார். புறப்பட ஐந்து வாரம் இருந்தபோது சித்தியவானில் என் கணவரின் அண்ணன் இறந்துபோனார்.

அவரைப் பற்றித் தவறாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் என் கணவர் இறந்தபோது வந்து அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனவர் அவர். அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கு மகன் இல்லாததால் என் மகன்தான் கொள்ளி வைத்தான். கொள்ளி வைத்த வீட்டில் ஒரு வருடத்துக்குத் தீபாவளி கிடையாது, மலை ஏறக் கூடாது, கடல் தாண்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் மகனே, "அதெல்லாம் எனக்குத்தான்மா. நீங்க போய்ட்டு வாங்கலா" என்றான். நான்தான் கேட்கவில்லை. டீச்சர் துடக்கோடு, சாவுத் தீட்டோடு, உல்லாசக் கப்பல் ஏறினாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்று பயந்தேன்.

சித்தியவானிலிருந்து திரும்பிய அன்று அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டார்.

"மலை ஏறக் கூடாதா? அப்பன்னா அடிவாரத்துத் தாப்பாவுல இருந்து இங்க எப்படி வந்தீங்க டீச்சர்? எழவு வீட்டுல இருந்து நேரா மலை ஏறித்தானே வந்திருக்கீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனம் மட்டும் மாறவில்லை. மலையில் குடியிருப்பவர்களுக்கு மலை கணக்கில்லை, கடல் கணக்கு உண்டு என்று ஏதோ சட்டம் பேசினேன். அக்கா மறுபடி வாதாடவில்லை.

"சரி டீச்சர். வருசம் திரும்பித் தலைத்திவசம் முடியட்டும். அடுத்த கோடை போவோம். நார்வே மலை எங்கயும் ஓடிடாதுலா."

மே மாதம் தலைத்திவசம். ஜூனில் கப்பல். அக்கா மார்ச் மாதத்தில் போய்விட்டார்.

சாவு வீட்டில் பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். பழைய கொழுந்துக்காரிகள், தொழிற்சாலை ஆட்கள், கோலா தெர்லா முனியாண்டி, எல்லாரும் வந்திருந்தார்கள். பெட்டியை எடுத்துப் போன பிறகும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அக்காவின் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் என் அருகில் வந்து ஆதரவாகத்தான் சொன்னார். "நீங்க பங்காளியா, சம்பந்தியா டீச்சர்? வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊத்திக்குங்க. அதோட முடிஞ்சிருச்சு. ஒங்களுக்கு ஒரு துடக்கும் இல்ல."

பதினாறாம் நாள் படையலுக்குக் கோமதியும் வந்தாள். சாப்பிட்டு முடித்து, கை கழுவும் இடத்தில் என்னைத் தனியாக நிறுத்தினாள்.

"ஒண்ணு சொல்லணும் டீச்சர். போன ஜூன் மாசம் ஈப்போ லேடிஸ் குரூப் ஒண்ணு அதே கப்பல்ல போனாங்க. ஒரு எடம் காலியா இருந்துச்சு. அக்காவக் கூப்பிட்டேன். வரலன்னுட்டாங்க."

"ஏன்?"

"'டீச்சர் இல்லாம அதிசயத்தப் பாத்து யாருகிட்டச் சொல்றது'ன்னாங்க."

நான் குழாயை மூடினேன். கோமதி விடவில்லை.

"கிரீஸ் போகாததும் ஒங்களுக்காகத்தான் டீச்சர். அந்தத் தீவுல பெரிய கப்பல் கரைக்கு வராது, சின்னப் படகுல எறங்கணும். டீச்சர் முட்டிக்கு ஆகாதுன்னாங்க. அலாஸ்காதான் அவுங்களுக்கு உசுரு. ஒங்களுக்கு நடுக்கடல் பயம்னு கண்டுகிட்டாங்க. கரை தெரியற மாதிரியே போற கப்பல் எதுன்னு ஒவ்வொரு கம்பெனியா என்னையப் போட்டுத் தொளச்சு எடுத்துட்டாங்க. ஒங்ககிட்டச் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

கடல் வற்றிவிடும் என்று நாற்பது பேர் நடுவில் நான் கேலி பேசியபோது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவர். உங்கள் முட்டிதான் காரணம், உங்கள் பயம்தான் காரணம் என்று அதே பந்தியில் என் வாயை அடைத்திருக்கலாம். தனக்குப் பிடிக்கவில்லை என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார். நானோ, அவர் எனக்காகத் தேடித் தேடி எடுத்து வைத்த ஒரே வழியையும், என்னோடு பேசாத ஒரு மனிதருக்காக ஒரு வருடம் தள்ளிப் போட்டேன். அந்த ஒரு வருடம்தான் அக்காவிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டவள் நான்.

கோமதி கடைசியாகக் கேட்டாள். "ஜூன் கப்பல்ல ஒங்க பேரு இருக்கட்டுமா டீச்சர், எடுத்துரவா?"

இருக்கட்டும் என்றேன்.

அக்கா, உங்களுக்காக நான் ஒரு வருடம் எதையும் விட்டுவைக்க வேண்டியதில்லையாம். வழக்கம் அப்படித்தான் சொல்கிறது. மலை ஏறலாம், கடல் தாண்டலாம். ஒன்பது வருடம் பேசாத கணவரின் அண்ணனுக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள் காத்தவளுக்கு, முப்பது வருடம் பேசிய உங்களுக்காக ஒரே ஒரு வாளித் தண்ணீர்தான் கிடைத்தது. மே மாதத் தலைத்திவசமும் முடிந்துவிட்டது; கப்பல் ஏற இப்போது எனக்கு எந்தத் தடையும் இல்லை. ஏறி, அதிசயத்தைப் பார்த்து, திரும்பிச் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

போய் வாருங்கள், அக்கா. நீங்கள் போன இடத்தில் யாராவது உங்களுக்கு எல்லாவற்றையும் நிதானமாக விளக்கிச் சொல்லட்டும். நீங்கள் தொப்பி போட்டுக்கொண்டு, கையை உயர்த்தி, அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.