பைன் காட்டைப் பெருக்கிய சனிக்கிழமை

போன சனிக்கிழமை நான் ஒரு காட்டைப் பெருக்கினேன். சிரிக்காதீர்கள். முழுக் காட்டையும் அல்ல... ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத்தான்.

நாங்கள் வெளிநாட்டில் குடியேறியிருக்கும் மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சுகந்தி. யாழ்ப்பாணத்துக்காரர். காட்டில் தீப்பிடித்தால் எரிவதற்குத் தரையில் எவ்வளவு கிடக்கிறது என்று அளப்பதுதான் அவர் வேலை. அன்று அவருடைய உதவியாளருக்குக் காய்ச்சல்.

"டேப் பிடிக்க ஒரு ஆள் வேணும். வாறீங்களோ அண்ணா?"

வாரம் முழுக்க கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கிறவனுக்குக் கசக்குமா? கிளம்பிவிட்டேன்.

நகரின் ஓரத்தில் இருக்கும் வெஸ்ட்கேட் தாண்டி காரில் அரை மணி நேரம். மணல் தரை, காய்ந்த பைன் காடு. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி முன்பே தேர்ந்தெடுத்த இடங்களில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். அங்கே டேப்பை நீட்டி, அதன் குறுக்கே கிடக்கிற குச்சிகளை எண்ண வேண்டும். பென்சில் தடிமன், விரல் தடிமன், மணிக்கட்டுத் தடிமன் — எல்லாம் தனித்தனியாக. ஊசியிலைச் சருகு எத்தனை ஆழம் என்று ஸ்கேலைச் செருகிப் பார்க்க வேண்டும். மெல்லிய சுள்ளிதான் முதலில் பற்றும் என்பதை விறகு அடுப்பு மூட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன?

வேலியோரம் ஒரு பெண்மணி வந்து நின்றார். பெயர் ஜூன். காட்டை ஒட்டி வீடு, நான்கு குதிரைகள். கோடைக்கு முன் எந்தப் பகுதியைச் சுத்தம் செய்வது என்பது சுகந்தியின் கணக்கைப் பொறுத்தது என்று அவருக்குத் தெரியும்.

"தீ வந்தால் நான் காரில் ஏறிப் போய்விடுவேன். குதிரைகளை வண்டியில் ஏற்ற ஒரு மணி நேரமாவது ஆகும்" என்றார் ஆங்கிலத்தில், நிதானமாக. அந்த நிதானம்தான் என்னை என்னவோ செய்தது.

மதியம் சுகந்தி சாப்பாடு எடுக்க வண்டிக்குப் போனார். பெருக்காத இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம் நமக்கு உண்டா? ஒரு கிளையை ஒடித்துச் சருகைத் தள்ளினேன். சுள்ளிகளைப் பொறுக்கி ஓரமாக அடுக்கினேன். பக்கத்தில் நின்ற கொடியைப் பற்றி யோசிக்கவே இல்லை.

புட்டுப் பெட்டியோடு வந்த சுகந்தி அப்படியே நின்றுவிட்டார்.

"இதை ஆர் கூட்டினது?"

"நான்தான். உட்காரணும்ல?"

"ஐயோ அண்ணா... அடுத்த லைன் இதாலதான் போகுது."

"குச்சியெல்லாம் இங்கதான் இருக்கு. திரும்பப் பரப்பிடலாமே?"

"எது எங்க கிடந்தது எண்டு தெரியுமோ? கூடப் போட்டாலும் பொய், குறையப் போட்டாலும் பொய்."

"அப்ப கொஞ்சம் தள்ளி, அந்த நிழல்ல..."

"நாங்கள் விரும்பின இடத்தில அளக்க ஏலாது. லிஸ்டில அடுத்த இடத்துக்குப் போவம்."

படிவத்தில் 'மனிதரால் கலைக்கப்பட்டது' என்று என் கையாலேயே எழுத வைத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெறுந்தரையை அளந்திருந்தால், இங்கே எரிய ஒன்றுமில்லை என்றல்லவா கணக்கு சொல்லியிருக்கும்? என் சுத்தத்துக்கு ஜூனின் குதிரைகளா பலி?

அடுத்த இடம் பிளாக்பெரி முட்புதருக்குள். நான்தான் தவழ்ந்து போனேன். உள்ளே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, முறிந்த கிளைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கை முழுக்கக் கீறல்... எண்ணி முடிக்க ஒரு மணி நேரம்.

நேற்று சுகந்தி வாசலில் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தப் பகுதி லிஸ்டில வந்திட்டுது அண்ணா. கோடைக்கு முதல் துப்புரவாக்குவினம்."

"ஜூன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"ஓம். அழுதிட்டா மனிசி."

கையில் இருந்த கீறல்களைப் பெருமையோடு தடவிக்கொண்டேன். பொய்யாக ஏன் மறைக்க வேண்டும்?

யோசித்துப் பார்த்தால், அளக்க வருகிறவர் முன்னால் எல்லாவற்றையும் பெருக்கி வைப்பதுதான் நம் பிறவிக் குணம். வாடகை வீட்டுக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தால் பாதி சாமான் கார் டிக்கிக்குப் போய்விடும். இல்லையா?

நாளை எனக்கு சுகர் டெஸ்ட். அதற்காகவே ஒரு வாரமாகத் தொடாத மைசூர்பாக் டப்பாவை இப்போதுதான் திறந்தேன் — டாக்டருக்கு உண்மை தெரிய வேண்டாமா?